இந்த வருஷத்துச் சுவர்

மொடாவுக்குள் கட்டையை விட்டு மிக்கேலம்மாள் சுண்ணாம்பைக் கலக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கு அந்த வேலையில் மனசில்லை என்பது, வாசலில் கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்த சவுரியப்பனுக்குக் கட்டையின் சத்தத்திலேயே தெரிந்துவிட்டது.

"அடியிலருந்து கலக்கு புள்ள. மேலாப்புல தடவிக் குடுத்துட்டு இருக்கற, அது என்னா தொட்டில் கொழந்தையா?"

"கலக்கறேன், கலக்கறேன். நீங்க மொதல்ல எந்திரிச்சு மூஞ்சியக் கழுவுங்க."

"எந்திரிக்கறேன். நெஞ்சுல என்னமோ மந்தமா இருக்குது. ராத்திரி அந்த மொச்சக்கொட்டையத் தின்னுருக்கக் கூடாது."

"அவ்வளவு தின்னா மந்தமாத்தான் இருக்கும்" என்றாள் மிக்கேலம்மாள், திரும்பிப் பார்க்காமல்.

கிறிஸ்துமசுக்கு முன்னால் அந்தத் தெருவில் எல்லா வீட்டுக்கும் வெள்ளையடிப்பார்கள். மற்றவர்கள் வீடு பளிச்சென்று இருக்க வேண்டும் என்பதற்காக அடித்தார்கள். சவுரியப்பன் இடத்துக்காக அடித்தார். ரோட்டைப் பார்த்த அந்தக் கிழக்குச் சுவரில் போன வருஷத்துப் படத்தை அழித்தால்தானே இந்த வருஷத்துப் படத்தை வரைய முடியும்?

அவருக்குச் சம்பளமும் சுவரில்தான் கிடைத்தது. பஞ்சாயத்து யூனியன் ஆபீசில் சுவரெழுதும் வேலை. கடத்தூரைச் சுற்றியிருக்கிற ஊர்களுக்கெல்லாம் சைக்கிளில் போய், அம்மை குத்திக்கொள்ளுங்கள் என்றும் அளவோடு பெற்றுக்கொள்ளுங்கள் என்றும் எழுதி, பக்கத்தில் குடும்பக் கட்டுப்பாட்டுச் சிவப்பு முக்கோணம் ஒன்றைப் போட்டுவிட்டு வருவார். கோயிலில் முன்பிருந்த சாமியார் ஒருமுறை அவரைக் கூப்பிட்டு, ஞானஸ்நானம் வாங்கியவன் கையால் இந்த முக்கோணத்தைப் போடலாமா என்று கடிந்துகொண்டார். "பகல்ல வரையறது கவர்மெண்டு கனவுங்க சாமி. ராத்திரி வர்றதுதான் என்னுது" என்று சவுரியப்பன் சொல்லிக் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிட்டார்.

ராத்திரி வருவது எதுவோ அது வீட்டுச் சுவரில் ஏறும். ஒரு வருஷம் புளியமரம் முழுக்க மீன் காய்த்துத் தொங்கியது. இன்னொரு வருஷம் கம்பங்கொல்லையில் கதிருக்குப் பதிலாகத் தூங்கும் ஆட்டுக்குட்டிகள் விளைந்து, காற்றில் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தன. மாசமாக இருக்கும் பெண்கள் அந்த வீட்டைத் தாண்டும்போது எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டு போக வேண்டும் என்று தெருவில் சொல்லி வைத்திருந்தார்கள். மெட்ராஸ் ஓவியக் கல்லூரியில் பாடம் நடத்துகிற ஒருவர் எங்கேயோ போகிற வழியில் காரை நிறுத்தி, நெடுநேரம் நின்று பார்த்துவிட்டு, இதற்குச் சர்ரியலிசம் என்று பெயர் என்றார். "அது என்னா வியாதிங்களா?" என்று சவுரியப்பன் கேட்டார். பெயர் உள்ள வியாதிதான் என்று தெரிந்ததில் அன்று முழுவதும் அவருக்கு ஒரே சந்தோஷம்.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மிக்கேலம்மாள் இந்தப் படங்களைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். வருவதும் போவதும் அவளுக்கு ஒன்றுதான். மழைக்குக் கொஞ்சம் போகும், வெயிலுக்குக் கொஞ்சம் போகும், மிச்சம் சுண்ணாம்புக்குப் போகும். எதையும் வைத்துக்கொள்ளச் சொல்லி அவள் கேட்டதில்லை.

இப்போது சுவரில் இருந்த படம் அப்படியில்லை. ஊரிலிருந்து பார்த்தால் தெரிகிற வத்தல்மலை, எருமையைப் போலக் காலை மடக்கிப் படுத்திருந்தது. அதன் முதுகில் கேழ்வரகு விளைந்திருந்தது. கதிர் ஒவ்வொன்றும் குழந்தையின் மூடிய கை. மேலே, ஓட்டுக்குக் கீழே, வானத்தில் ஒரு கிணறு தலைகீழாகத் தொங்கியது. தண்ணீர் கொட்டாமல் அதிலேயே நின்றது. ஒரு கொக்கு கழுத்தை நீட்டி அந்தத் தண்ணீரில் முகம் பார்த்தது. மலையடிச் செம்மண்ணும் கரியும் துணிக்குப் போடும் நீலமும் ஆவாரம்பூச் சாறும்தான் அவருக்கு வண்ணம்.

அந்தக் கிணறு பாப்பாரப்பட்டியில் அவள் பிறந்த வீட்டுக் கிணறு. பக்கத்தில் துவைக்கிற கல்லில், படத்தில் இருப்பது போலவே, ஒரு மூலை உடைந்திருக்கும். அந்த மூலையில் உட்கார்ந்துதான் அவளும் அவள் அக்காவும் சின்ன வயசில் மாங்காய் தின்பார்கள். தோட்டத்தை விற்று, வாங்கினவன் கிணற்றைத் தூர்த்து வெகு காலமாகிவிட்டது. சவுரியப்பன் அதைப் பார்த்ததே பெண் பார்க்க வந்தபோதும் மறுவீட்டுக்கு வந்தபோதும்தான்.

"ஏங்க, இது எங்கூட்டுக் கெணறுங்க" என்று படம் வரைந்த அன்றே அவள் கத்தினாள்.

"அப்பிடியா? கனவுல வந்துச்சு. நீ யாரு வூட்டுக் கெணறுன்னு அதப் போயிக் கேக்க முடியுமா?"

அன்றிலிருந்து அவள் காலையில் வாசல் தெளிக்கும்போதெல்லாம் நிமிர்ந்து ஒருமுறை பார்த்துக்கொள்வாள். கார்த்திகை பிறந்து, அவர் சுண்ணாம்புக் கல் வாங்கி மொடாவில் நீற்றிப்போட்டதும், முதல் தடவையாகக் கேட்டாள். இந்த ஒரு வருஷம் மட்டும் விட்டுவிடுங்களேன் என்றாள். வேண்டுமானால் வடக்குச் சுவரில் வரைந்துகொள்ளுங்கள் என்றாள்.

"வடக்குச் சுவத்துல எருமை மூத்தரம் பேயுது" என்றார் அவர். பிறகு கொஞ்சம் யோசித்து, "உனக்குப் புடிச்சிருக்குதுன்னு வச்சா நாளைக்கு எனக்கும் புடிச்சிரும். அப்புறம் அதையே பாத்துக்கிட்டுக் கெடப்பேன். அடுத்தது எங்கருந்து வரும்?" என்றார். அவள் அன்று சோற்றைத் தட்டில் கொஞ்சம் சத்தமாகவே போட்டாள்.

இப்போது கட்டிலிலிருந்து அவர் மறுபடி கூப்பிட்டார். குரலில் ஒரு குதூகலம் இருந்தது.

"புள்ள, கனவு வந்துருச்சு."

மழைக்காலம் தொடங்கியதிலிருந்து அவருக்கு ஒரு கனவும் வரவில்லை. வராததை யாரிடமும் சொல்லாமல், சாப்பிடப் பிடிக்காதவரைப் போலத் திரிந்துகொண்டிருந்தார். மிக்கேலம்மாளுக்கு அது தெரியும். கட்டையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

"என்னா கனவு?"

"பெருசு. இந்தச் சுவரு பத்துமான்னே தெரியல." அவர் மல்லாந்து படுத்து வானத்தைப் பார்த்துச் சிரித்தார். "காப்பி குடு, சொல்றேன். தொண்டையெல்லாம் காஞ்சு கெடக்குது. இன்னைக்கே வெள்ளையடிச்சு வச்சிரணும், காஞ்சாத்தான் வரைய முடியும். மறந்துராத."

"உங்க சுவத்த நீங்களே அடிச்சுக்குங்க."

"நீயும் அடி. அந்தக் கெணத்த நீயே அடி. அப்பத்தான் உனக்குக் கோவம் போவும்."

அவள் அடுப்படிக்குப் போனாள். விறகு ஈரம், ஊதி ஊதித்தான் பற்றியது. கருப்பட்டியைத் தட்டிப் போட்டு, காப்பி பொங்கி இறக்கி, அவருக்கு ஆற்றுவது பிடிக்காது என்பதால் ஆற்றாமல் லோட்டாவில் ஊற்றி எடுத்துக்கொண்டு வந்தாள். அவர் சுவர்ப்பக்கம் ஒருக்களித்து, கன்னத்துக்கு அடியில் கையை வைத்துப் படுத்திருந்தார். கண் பாதி திறந்திருந்தது. சுவரின் நீள அகலத்தைக் கணக்குப் போடும்போது அவர் அப்படித்தான் பார்ப்பார்.

"காப்பி" என்றாள். "இந்தாங்க. சொல்லுங்க."

இரண்டு தடவை சொன்னாள். லோட்டாவைக் கீழே வைத்துவிட்டுக் காலைத் தொட்டாள்.

அவள் கூப்பிட்ட குரல் கேட்டுப் பக்கத்து வீட்டுச் சென்னம்மாள்தான் முதலில் ஓடி வந்தது. வேலிக்கு மேலேயே எட்டிப் பார்த்து, புரிந்துகொண்டு, கையிலிருந்த சாணிக்கூடையைப் போட்டுவிட்டு வந்து மிக்கேலம்மாளைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் உபதேசியார் ஞானராஜ் வந்தார். கோயிலில் செபம் சொல்லிக்கொடுப்பவர் அவர். சாகிறவர்கள் காதில் 'சேசு மரி சூசை' என்று சொல்வதும் அவர் பொறுப்பு. சட்டைப் பித்தானைக்கூடப் போடாமல் ஓடி வந்திருந்தார்.

"அண்ணன் போயிட்டாருங்களே" என்று சென்னம்மாள் அழுதாள்.

ஞானராஜ் குனிந்து காதில் மூன்று தடவை சொன்னார். நிமிர்ந்து, "போனாலும் காதுக்குக் கொஞ்ச நேரம் கேக்கும்னு பெரியவங்க சொல்லுவாங்க. ஏதாச்சும் சொல்றதுன்னா சொல்லும்மா" என்றார்.

மிக்கேலம்மாள் குனிந்தாள். அவள் ஏதோ செபம் சொல்கிறாள் என்று நினைத்து, அதற்குள் கூடிவிட்ட பெண்கள் தலைமேல் முந்தானையைப் போட்டுக்கொண்டார்கள்.

"என்னா கனவுன்னு சொல்லாமயே போயிட்டீங்களே" என்றாள் அவள்.

சொல்லிவிட்டு, பைத்தியக்காரத்தனம் என்று தெரிந்தும், தன் காதை அவர் வாய்ப்பக்கம் கொண்டுபோய்க் கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். அதைப் பார்த்த சென்னம்மாள் வேறு எதையோ நினைத்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கோயிலில் துக்க மணி அடித்தார்கள். மணி நிற்பதற்குள் சவுரியப்பனின் தம்பி பெரியநாயகம் வந்துவிட்டார். கீழத்தெருவில் இருந்தார் அவர். நல்லதோ கெட்டதோ, வந்த கையோடு பந்தலுக்கும் பெட்டிக்கும் ஆளைப் பிரித்து அனுப்புகிற மனிதர். அண்ணன் சுவர் அவருக்குத் தீராத மானக்கேடாக இருந்தது. தன் மகளைப் பெண் பார்க்க வந்தவர்களை இந்த வழி வேண்டாம் என்று ஏரிக்கரை சுற்றிக் கூட்டிக்கொண்டு வந்தவர். இன்றைக்குக் கட்டிலைத் தாண்டிப் போய்ச் சுவரின் எதிரே நின்று, எருமையாகப் படுத்த மலையிலிருந்து கொக்கு வரைக்கும் பார்த்து, வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு குலுங்கினார்.

"ஒரு நாளாச்சும் இத நான் நின்னு பாத்தனா அண்ணி? பாத்தனா?"

அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டபோது அவர் பார்வை மொடாவில் விழுந்தது.

"இது என்னா, சுண்ணாம்பா? நல்ல வேளை, இன்னும் அடிக்கல." அவர் ஒரு முறத்தை எடுத்து மொடா வாயை மூடினார். "துக்க வூட்டுக்கு இந்த வருஷம் வெள்ளையும் இல்ல, நட்சத்திரமும் இல்ல, பலகாரமும் இல்ல. சுவத்த யாரும் தொடாதீங்க அண்ணி. அவரு கைப்பட வரைஞ்சது, அப்பிடியே கெடக்கட்டும். மழையில கரையாம முன்னால ஒரு கீத்துச் சாய்ப்பு எறக்கிரலாம்."

"செரி" என்றாள் மிக்கேலம்மாள்.

சொன்ன பிறகுதான், தான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கு உறைத்தது. கேட்டது கிடைத்துவிட்டது. ஊர் வழக்கமே அவள் பக்கம் வந்து நின்றுகொண்டு, கிணறு உனக்குத்தான், வைத்துக்கொள் என்கிறது. காலையில் அவர் சொன்னதைக் கேட்டவர்கள் வேறு யாரும் இல்லை. அவள் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். அந்த நினைப்பில் ஒரு கணம் மனசு நிறைந்தது. நிறைந்ததற்காக வெட்கமாகவும் இருந்தது. அவள் அப்போதுதான் சத்தம் போட்டு அழுதாள்.

மத்தியானத்தில் மகள் ராஜமேரி தர்மபுரியிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினாள். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர் அவள். இறங்கினதும் கடத்தூர் ஸ்டூடியோவுக்குப் போய்ப் போட்டோக்காரர் முனிராஜையும் கையோடு கூட்டி வந்திருந்தாள். அப்பாவை அவர் படத்துக்கு முன்னால் உட்காரவைத்து ஒரு போட்டோ எடுக்க வேண்டும் என்பது வரும் வழியெல்லாம் அவள் நினைத்துக்கொண்டு வந்தது. சவுரியப்பனுக்குச் சலவை ஜிப்பா போட்டு, நாற்காலியில் உட்காரவைத்து, சாயாமல் இருக்க மார்போடு சேர்த்து ஒரு துண்டைக் கட்டி, அது தெரியாமல் மாலையைப் போட்டார்கள்.

முனிராஜ் கேமராவின் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டார். வெளியே எடுத்தார். மறுபடி விட்டார்.

"பின்னாடி ஒரே கசகசன்னு இருக்குதுங்க" என்றார். "எருமை பெரியவரு தோளு மேல ஏறுறாப்பல வுழுது. இந்தக் கையெல்லாம் அவரு தலையிலருந்து மொளைக்குது."

"அது எங்கப்பா வரைஞ்சதுங்க" என்றாள் ராஜமேரி.

"இருக்கட்டும்மா. போட்டோவுல ஆளு தெரியணுமா, எருமை தெரியணுமா? நாளைக்கு மாட்டி வச்சு மால போடறப்ப மூஞ்சி தெளிவா இருக்கணுமில்ல? ஒரு வெள்ளத் துணி இருந்தாக் குடுங்க."

ராஜமேரி என்னவோ சொல்ல வாயெடுத்தாள். போட்டோக்காரர் சொல்வதில் நியாயம் இருக்கிறது என்று பெரியநாயகம் தலையாட்டினார். உள்ளேயிருந்து சலவைப் படுக்கை விரிப்பு ஒன்று வந்தது. அதை ஓட்டு வாரையில் கட்டித் தொங்கவிட்டார்கள். மலையும் கேழ்வரகும் கிணறும் அதற்குப் பின்னால் போய்விட்டன. மிக்கேலம்மாளை நாற்காலிக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்காரவைத்து, கையை அவர் கைமேல் வைக்கச் சொன்னார்கள்.

அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். பின்னால் முழு வெளுப்பு. வெயில் பட்டு விரிப்பு கண்ணைக் கூசவைத்தது. ஒவ்வொரு வருஷமும் வெள்ளையடித்துக் காய்ந்ததும் அவர் இப்படித்தான் அதன் முன்னால் வந்து உட்காருவார். உடனே வரைய மாட்டார். பீடியைப் பற்றவைத்துக்கொண்டு ஒரு நாள், சில வருஷம் இரண்டு நாள்கூட, வெறும் சுவரைப் பார்த்தபடி இருப்பார். அப்போது என்ன கேட்டாலும் சரி என்பார். என்ன குழம்பு வைத்தாலும் பேஷ் என்பார். ராஜமேரியை டீச்சர் படிப்புக்கு அனுப்பச் சம்மதித்தது, பசுமாட்டை விற்க வேண்டாம் என்று ஒத்துக்கொண்டது, எல்லாமே அப்படிப்பட்ட ஒரு நாளில்தான். காரியம் சாதிக்க நினைத்தால் அந்த நாளுக்காக அவள் காத்திருப்பாள்.

படம் முடிகிற நாள்தான் அவருக்குப் பெரிய நாள் என்று ஊரே நினைத்தது. அவளும் அப்படித்தான் நினைத்திருந்தாள். அது இல்லை என்பது இப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

"கேமராவப் பாருங்கம்மா" என்றார் முனிராஜ். "இங்க, இங்க."

அவள் பார்க்கவில்லை. முனிராஜ் அலுத்துப்போய் அப்படியே எடுத்துவிட்டார். விரிப்பை அவிழ்த்தபோது கிணறு பழையபடி வானத்தில் தொங்கியது. அதே கல், அதே உடைந்த மூலை. ஆனால் அது இருக்கக் கூடாத நேரத்தில் வந்து உட்கார்ந்திருக்கிற விருந்தாளியைப் போல அவளுக்குத் தோன்றியது. பிறந்த வீட்டுக் கிணற்றை அப்படி நினைத்ததற்கு மனசு வலிக்கவும் செய்தது.

சாயங்காலம் தூம்பா வந்தது. ஊருக்குப் பொதுவான கறுப்புப் பெட்டி அது. கல்லறை வரைக்கும் அதில் தூக்கிப் போவார்கள். உடம்பை மண்ணில் இறக்கியதும் பெட்டி கோயிலுக்கே திரும்பிவிடும். சாமியார் தீர்த்தம் தெளித்துச் செபம் சொன்னார். உபதேசியார் பாட்டெடுத்தார். மலைப்பக்கம் மேகம் கட்டியிருந்தது. வத்தல்மலை உண்மையிலேயே காலை மடக்கிப் படுத்திருப்பது போலத்தான் இருந்தது. மற்றவர்களுக்கும் அன்றைக்கு அது அப்படித் தெரிந்திருக்க வேண்டும். ஒருத்தருக்கொருத்தர் காட்டிக்கொண்டார்கள். மிக்கேலம்மாள் தன் பங்கு மண்ணைப் போட்டுவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டாள். காலையில் அவர் சொன்னதை ராஜமேரியிடம் சொல்லிவிடலாமா என்று பார்த்தாள். மகள் அழுதுகொண்டிருந்தாள். சொல்லவில்லை.

மறுநாள் விடிந்ததும், பெரியநாயகம் அவளைப் பூசைக்குக் கூட்டிப் போக வந்தபோது, மொடா வாசலில் இருந்தது. முறம் ஒரு பக்கமாகச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. மிக்கேலம்மாள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அடியிலிருந்து கலக்கிக்கொண்டிருந்தாள். சுண்ணாம்பு ஒட்டிப் பிடிக்கச் சப்பாத்திக்கள்ளிச் சாறு விட்டாகிவிட்டது. அடிப்பதற்கு நசுக்கிய கத்தாழை மட்டை தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்தது.

"அண்ணி! என்னா பண்றீங்க?"

"வெள்ளையடிக்கப் போறேன்."

"துக்க வூட்டுக்கா? நேத்துத்தான மண்ணு போட்டுட்டு வந்தோம்? புருசன் செத்த மறுநாளே வூட்ட மினுக்கறான்னு பேச மாட்டாங்க?"

"பேசுவாங்க."

சத்தம் கேட்டு ராஜமேரி கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே வந்தாள். மொடாவையும் மட்டையையும் பார்த்ததும் தூக்கம் போய்விட்டது.

"அம்மா, அது அப்பாம்மா. அது ஒண்ணுதான இருக்குது நமக்கு?"

"அவருதான்டி அடிக்கச் சொன்னாரு."

"எப்போ?"

"காப்பி போடப் போறப்ப. பெருசா ஒரு கனவு வந்திருக்குது, இன்னைக்கே அடிச்சு வச்சிரணும், மறந்துராதன்னாரு."

பெரியநாயகமும் ராஜமேரியும் ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கொண்டார்கள்.

"நேத்தெல்லாம் ஒரு வார்த்த சொல்லலையே நீ" என்றாள் ராஜமேரி.

"எனக்கு அந்தக் கெணறு வேணும்னு இருந்துச்சு. அவர்கிட்டயே கேட்டுப் பாத்தேன், முடியாதுன்னுட்டாரு. உங்க சித்தப்பன் வந்து தொடாதீங்கன்னு சொன்னதும், செரின்னு வாய மூடிக்கிட்டேன்." மிக்கேலம்மாள் கட்டையை மொடா விளிம்பில் தட்டினாள். "நேத்தே காஞ்சிருக்க வேண்டியது."

சென்னம்மாள் வீட்டுக் கோழி வந்து சிந்திய சுண்ணாம்பைக் கொத்திப் பார்த்துவிட்டுப் போயிற்று.

"செரி அண்ணி, அடிக்கறோம்" என்றார் பெரியநாயகம் மெதுவாக. "அடிச்சு என்னா? இனிமே அதுல யாரு வரையப் போறாங்க?"

"யாரும் வரைய வேணாம். அவருக்கு அது காலியா இருந்தாப் போதும்."

பெரியநாயகம் பூசைக்குக் கட்டிக்கொண்டு வந்த வெள்ளை வேட்டியைக் குனிந்து பார்த்தார். அதை மடித்துக் கட்டினார். மாட்டுக் கொட்டகைக்குப் போய் ஏணியைத் தூக்கி வந்து சுவரில் சாத்தினார்.

"மேல நான் அடிக்கறேன். நீங்க கீழ பாருங்க. ராஜமேரி, சட்டியில ஊத்திக் குடு."

எருமையின் கால்கள் முதலில் போயின. மட்டையை ஒரே பக்கமாக இழுக்க வேண்டும், இல்லாவிட்டால் கரி கரைந்து சுண்ணாம்பு அழுக்காகும். வருஷா வருஷம் அவர் திட்டித் திட்டிச் சொன்னது. மிக்கேலம்மாள் ஒரே பக்கமாக இழுத்தாள். கேழ்வரகுக் கைகளுக்கு மேல் இழுக்கும்போது ராஜமேரி, "இந்தக் கையி நான் பொறந்தப்போ இருந்த கையாம். அப்பா சொன்னாரு" என்றாள். "உன்னுது இதவிடக் குண்டு" என்றாள் மிக்கேலம்மாள். ராஜமேரிக்கு அழுகைக்கு நடுவே சிரிப்பு வந்துவிட்டது. பெரியநாயகம் ஏணியில் நின்றபடி, இவ்வளவு பக்கத்தில் பார்த்தால் கொக்குக்கு இமைகூட இருக்கிறது என்று கீழே இருப்பவர்களுக்குச் சொன்னார். சொல்லிவிட்டு அடித்தார்.

கிணற்றுக்கு வந்ததும் அவர் மட்டை நின்றது.

"அண்ணி, இத மட்டும் வுட்டுரட்டுமா? மூலையிலதான இருக்குது. அவருக்கு மத்த எடமெல்லாம் இருக்குதே."

மிக்கேலம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். சரி என்று சொல்லிவிடலாம் போலத்தான் இருந்தது. முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு, "எறங்குங்க" என்றாள்.

"நீங்க ஏற வேணாம் அண்ணி, நானே..."

"எறங்குங்க. கெணத்த நீயே அடின்னாரு."

அவர் இறங்கி ஏணியைப் பிடித்துக்கொண்டார். அவள் ஏறினாள். கீழேயிருந்து பார்த்ததைவிடக் கிணறு பெரிதாக இருந்தது. கல்லின் உடைந்த மூலையைக் கையால் தடவினாள். வெறும் சுவர்தான், காலைக் குளிர் ஏறிச் சில்லென்று இருந்தது. அக்காவின் பெயரை மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். பிறகு மட்டையை நனைத்து, ஒரே பக்கமாக இழுத்தாள். மிச்சம் எதுவும் விடாமல் மூலை வரைக்கும் இழுத்துவிட்டு இறங்கி வந்தாள்.

முருங்கை மரத்தடியில் உட்கார்ந்தாள். பசித்தது. நேற்றுக் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பதே இப்போதுதான் ஞாபகம் வந்தது. துக்க வீட்டில் அடுப்புப் பற்றவைக்கக் கூடாது என்று சென்னம்மாள் கிண்ணத்தில் கூழும், தொட்டுக்கொள்ள வெங்காயமும் கொண்டு வந்தாள். வந்தவள் சுவரைப் பார்த்துவிட்டு நின்றுவிட்டாள்.

ஈரச் சுண்ணாம்பு தண்ணீரைப் போலத்தான். அதற்கு அடியில் எல்லாம் அப்படியே இருந்தது. மலை படுத்திருந்தது, கைகள் மூடியிருந்தன. கிணறு முன்னைவிடத் தெளிவாக, இப்போதுதான் இறைத்துக் கழுவிவிட்டது போல இருந்தது.

"என்னாக்கா இது? இவ்வளவு அடிச்சும் பளிச்சுனு தெரியுதே. இன்னொரு பூச்சு அடிக்கணுமா?"

"வேணாம்" என்றாள் மிக்கேலம்மாள். "காயட்டும்."

ஓட்டு விளிம்பில் வெயில் இறங்கத் தொடங்கியிருந்தது. வெயில் பட்ட இடம் முதலில் வெளுத்தது. அவள் கூழ்க் கிண்ணத்தைக் கையில் வாங்கிக்கொண்டு, சுவர் முழுவதும் தெரிகிற மாதிரிக் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள்.